அம்மாவின் இடது கைக் காப்பு

கல்லுமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
வட்டவளை.
24.04.2024, புதன்கிழமை

அன்பு மகள் தனுஜாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இரண்டாவது பாதி உண்மை. முதல் பாதியை எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

நீ ஜோர்தானுக்குப் போன இந்த ஒன்றரை வருசத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் இருக்கும்போது இந்த மனுசனுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். போன் உன் அம்மாவிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ அழைத்தால் முதலில் பேசுவதும் அவள்தான், கடைசியில் பேசுவதும் அவள்தான். நடுவில் எனக்குக் கிடைப்பது சாப்பிட்டாயா என்று கேட்கும் நேரம் மட்டும். அதோடு, இந்த விசயத்தை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னால் நான் அழுதுவிடுவேன். மேல் லயத்து வீட்டு வரிசையில் இருந்து ஆட்டோ ஓட்டுகிற துஷாந்த் உங்கள் கார்மண்ட்ஸுக்கே வேலைக்கு வருகிறான். மே இரண்டாம் திகதி பிளேன். அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

அம்மாவின் இடது கை வீங்கியிருக்கிறது. இன்று நேற்று வந்த வீக்கம் இல்லை, மார்கழியில் இருந்தே இருக்கிறது. வளையலை ஏன் கழற்றிவிட்டீர்கள் என்று நீ பொங்கலுக்குக் கேட்டாய். தேயிலைக் கொழுந்து பறிக்கையில் செடியில் மாட்டுகிறது என்று அவள் சொன்னது பொய். வளையல் ஏறவில்லை. அதற்குப் பிறகு என்னுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போகிறாள். போனில் உனக்கு முகத்தை மட்டும் காட்டுகிறாள். நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன், எனக்கே மாசி மாதம்தான் தெரியும். தண்ணீர் வாளியை வலது கையால் மட்டும் தூக்குவதைப் பார்த்துச் சட்டையை இழுத்துப் பார்த்தேன். முழங்கைக்கு மேலும் கீழும் ஒரே பருமனாக இருந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கிய குழி அப்படியே நிற்கிறது.

மார்பில் வந்த அந்தப் புற்றுநோய்தான் திரும்பவும் வந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். நானும் மனசுக்குள் அதையேதான் நினைத்தேன். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், போனால் அறுப்பார்கள், திரும்பவும் கதிர் அடித்துக் கரண்ட் வைப்பார்கள், பிள்ளை வேலையை விட்டு ஓடி வந்துவிடுவாள் என்கிறாள். பெட்ரோல் இல்லாத அந்த வருசம் ரயிலில் அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒப்பரேஷன் ஆறியதும் மார்பிலும் கக்கத்திலும் இருபத்தைந்து தடவை கரண்ட் வைத்தார்கள். தோல் கறுத்து உரிந்தபோது நீதான் மருந்து பூசினாய். அதெல்லாம் ஆறி ஒன்றரை வருசம் நன்றாகத்தானே இருந்தாள். அதனால்தான் இந்த வீக்கத்தை அந்த வைத்தியத்தோடு சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்போது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். தமிழில்தான் இருந்தது. நான் எட்டாம் வகுப்பு, வாசிக்கத் தெரியும். வாசித்து, பத்திரமாக முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். பத்திரம் அதிகமாகிவிட்டது. நேற்றுத்தான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது, வளையல், மோதிரம், இறுக்கமான கைப்பட்டி போடக்கூடாது, காயம் படாமல் பார்க்கவேண்டும், வீங்கினால் உடனே வரவேண்டும் என்று இருக்கிறது.

காப்பு என்று எழுதவில்லை மகள். நானும் நாலு தடவை வாசித்துவிட்டேன்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா போன வெள்ளிக்கிழமை தொடங்கியது. கை வீக்கம் வற்றினால் தீச்சட்டி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். பூசாரி மூக்கன் மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டு வைத்துக் காப்புக் கட்டினார். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. வரிசையில் அவளும் இடது கையை நீட்டினாள், அவரும் கட்டிவிட்டார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். வளையல் ஏறாத கை என்று தெரிந்தும் எனக்கு அது ஒரு கட்டாகவே படவில்லை. சாமி கயிறு என்ன செய்யப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் விடும்வரை காப்பை அவிழ்க்கக்கூடாது. காப்புக் கட்டிக்கொண்டவர் பாலத்தடி எல்லைக் கல்லைத் தாண்டக்கூடாது. இது உனக்குத் தெரிந்ததுதான். திங்கட்கிழமை மலையில் அம்மாவின் இடது கை விரல் இடுக்கில் அட்டை கடித்தது. நமக்கு அட்டைக்கடி ஒரு கடியா, எச்சில் தொட்டு வைத்துவிட்டு அடுத்த நிரைக்குப் போனாள். நேற்று அந்த இடம் சிவந்தது. இன்று மணிக்கட்டு வரைக்கும் சிவந்து சூடாக இருக்கிறது. காப்பு நூல் சதைக்குள் இறங்கியிருக்கிறது. அவிழ்க்கவா என்று கேட்டேன். முறைத்தாள். அந்த முறைப்புக்கு மேலே பேச எனக்குத் தைரியம் வராது என்று உனக்குத் தெரியும்.

மற்றபடி இங்கே பின்னேரம் தவறாமல் மழை. நம் லயத்துக்கு மேலே மழைத் தண்ணீர் வடிகிற கான்களைத் துப்புரவாக்க ஆள் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. புதிய கணக்கப்பிள்ளை கொழுந்துக்குத்தான் ஆள் தருவாராம். கான் அடைத்தால் தண்ணீர் மண்ணுக்குள் நின்று ஒருநாள் மலையே சரியும் என்று சொன்னேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோரும் பார்க்கச் சிரித்தார். அடுத்த வீட்டு வினோதா அக்கா உன்னை விசாரித்தாள். நீ அனுப்பின சவர்க்காரத்தை இன்னும் உடைக்காமல் மணந்து பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

அம்மா வரும் சத்தம் கேட்கிறது. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

கண்டி
27.04.2024, சனிக்கிழமை

தனு, அதே கடிதம்தான், பேனை மட்டும் வேறு. ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே என்று எழுதினேன், வெட்டிவிட்டேன். நானே பயந்துபோய்க் கிடக்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் பல் அடிக்கிற சத்தம் குசினி வரை கேட்டது. சட்டையை விலக்கினால் கை முழுக்க நெருப்பு நிறம். தோள்வரை ஏறியிருந்தது. வினோதா அக்கா வந்து பார்த்தாள், “என்னண்ணே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, இது சாமி பாக்குற நோவு இல்ல, ஆட்டோவக் கூப்பிடுங்க” என்று என்னைப் பிடித்துத் தள்ளினாள். துஷாந்த் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான்.

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். வரமாட்டேன் என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “காப்போட எல்லையத் தாண்டினா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. சாமி குத்தம் புள்ளையத்தான் பிடிக்கும். அது கடல் தாண்டித் தனியாக் கெடக்குது. என்னைய விட்டுருங்க.”

அவ்வளவு நாளும் தன் கைக்காக வேண்டிக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். உனக்காகத்தான் அந்தக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன செய்ய மகள்? அவளை விட்டால் அவள் போய்விடுவாள். கூட்டிக்கொண்டு போனால் உனக்கு ஏதும் வந்துவிடுமோ? நான் அம்மனை இல்லை என்று சொல்கிற ஆள் கிடையாது. வாசலில் நின்று ஒரு பீடியைப் பற்றவைத்தேன், இழுக்க முடியவில்லை. உள்ளே வந்தபோது காய்ச்சலில் அவள் கண் சொருகி நினைவு தப்பிவிட்டது. வலது கையால் இடது மணிக்கட்டைப் பொத்திப் பிடித்திருந்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். நீ தையல் வகுப்புக்கு வாங்கின கத்தரி பெட்டியில் இருந்தது. கத்தரி நுனி போக இடமில்லாமல் நூல் சதைக்குள் இருந்தது. இரண்டு தரம் அவள் தோலில் பட்டது. மூன்றாம் தரம் அறுத்தேன்.

கயிற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானும் துஷாந்தும் அவளைத் தூக்கி ஏற்றினோம். எல்லைக் கல்லைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஆட்டோ ஓட்டுகிறவன் மூடாமல் இருந்தால் போதும். நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள்.

இங்கே வலது கையில் ஊசி ஏற்றி மருந்து விடுகிறார்கள். சிவப்பு எதுவரை இருக்கிறது என்று டொக்டர் அம்மா பேனையால் தோளில் கோடு போட்டார். கோட்டைத் தாண்டினால் கூப்பிடச் சொன்னார். நேற்றுப் பகல் சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் போனது. நேற்று வெள்ளிக்கிழமை, நீயும் போன் எடுத்தாய். அம்மா கோயிலில் என்று சொல்லி நான் வைத்ததும் அப்போதுதான். இரண்டே வார்த்தை பேசினேன் என்று கோபித்திருப்பாய். மூன்றாவது வார்த்தை வந்திருந்தால் எல்லாம் வந்திருக்கும்.

இன்று காலை சிவப்பு கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. ஒரு நாள் பிந்தியிருந்தால் விஷம் இரத்தத்தில் கலந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். புதன்கிழமை நான் அந்த முறைப்புக்குப் பயப்படாமல் இருந்திருக்க வேண்டும்.

வார்டில் ஒரு நேர்ஸ் பிள்ளை, ஹட்டன் பக்கம். என்ன வேலை என்று என்னைக் கேட்டாள், கான் வெட்டு என்றேன். “எங்க அப்பாவும் அதேதான். அப்ப ஒங்களுக்குச் சுளுவா வெளங்கும்” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். உடம்பில் இரத்தம் ஓடுகிற குழாய் ஒன்று, அது கசிய விடுகிற தண்ணீரைத் திருப்பி எடுத்துப்போகிற சின்னக் குழாய் வேறு. அந்தத் தண்ணீருக்கு நிணநீர் என்று பெயர். கையின் நிணநீரெல்லாம் கக்கத்தில் உள்ள முடிச்சுகள் வழியாகத்தான் போகவேண்டும். ஒப்பரேஷனில் முடிச்சு பலதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததும் சுற்றியுள்ள குழாயும் கரண்ட் வைத்ததில் வடுப்பட்டு இறுகிவிட்டன. அந்த இறுக்கம் உடனே தெரியாதாம், மாதக் கணக்கில், வருசக் கணக்கில் மெல்ல மெல்ல வருமாம். போக வழியில்லாத தண்ணீர் கையிலேயே நிற்கிறது. கிருமியோடு சண்டை போடுவதும் அந்த முடிச்சுகள்தானாம். அதனால் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அட்டைக்கடி இவளைப் படுக்கையில் போட்டுவிட்டது. போதாததற்கு நாங்கள் காப்பை வேறு இறுக்கிக் கட்டினோம்.

முப்பது வருசமாகக் கான் வெட்டுகிறேன். அடைபட்ட கானைப் பார்த்தால் எந்த மலை சரியும் என்று சொல்வேன். பக்கத்தில் படுத்திருந்தவளின் கையில் தண்ணீர் நின்றது எனக்குத் தெரியவில்லை. கரண்ட் வைத்தது பிழையா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அது வைத்ததால்தான் அம்மா இன்றைக்கு இருக்கிறார் என்றாள். வீங்கினால் நோய் திரும்பிவிட்டது என்று கட்டாயம் இல்லையாம், ஆனாலும் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம்.

மத்தியானம் அம்மா கண்ணை நன்றாகத் திறந்தாள். முதலில் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். காப்பு எங்கே என்று கேட்டாள். நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அது தானாக அவிழ்ந்து விழுந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் உன்னைத் தூக்கினோம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வெறும் மணிக்கட்டைத் திரும்பவும் தடவினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. “ஆத்தாளே அவுத்து விட்டுட்டாங்க. போய்ட்டு வாடின்னு விட்டுட்டாங்க” என்றாள். அதற்குப் பிறகு கஞ்சி குடித்தாள். மூன்று நாளில் முதல் கஞ்சி. நான் அதைக் கெடுப்பேனா?

கீழ்ப்பிரிவு
01.05.2024, புதன்கிழமை

மாற்றுத் துணி எடுக்க நேற்று வீட்டுக்கு வந்தேன். துஷாந்த் நாளைக்குப் போகிறான், அதனால் இத்துடன் முடிக்க வேண்டும்.

அம்மா இன்னும் வார்டில்தான். காய்ச்சல் இல்லை. கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். இறுக்கமான ஒரு கை உறை தருவார்களாம், பகலெல்லாம் போடவேண்டும். இறுக்கம் கூடாது என்றீர்களே என்று நான் கேட்டதற்கு, ஓரிடத்தில் கட்டுவது வேறு, கையின் அளவெடுத்து முழுக்க அணைத்துப் பிடிப்பது வேறு என்று அந்த நேர்ஸ் பிள்ளை சிரித்தாள். இந்த வீக்கம் முழுசாகப் போகாதாம், பராமரித்தால் கூடாமல் வைத்திருக்கலாமாம். இனிக் கொழுந்துக்குப் போவது சந்தேகம்தான். அதை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று இருக்கிறது. கக்கத்துக் கீழே, பழைய வடுப் பக்கம், கல் மாதிரி ஒரு இடம். கரண்ட் வைத்த தோல் அப்படி இறுகுவதும் உண்டாம், வேறாக இருப்பதும் உண்டாம். ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போதும் எங்களுக்கு அது தெரிந்திருக்காது. அந்தப் பத்து நாளை எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று மழையில் யாரும் சொல்லாமலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நம் லயத்துக்கு மேலே இருந்த கானைத் துப்புரவாக்கிவிட்டு வந்தேன். கணக்கப்பிள்ளை கூலிக்குப் பேர் போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் விடட்டும்.

அப்படியே கோயிலுக்கும் போனேன். திருவிழா ஞாயிற்றுக்கிழமை முடிந்து, பந்தல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மூக்கனைத் தனியாகக் கூப்பிட்டு, அறுத்ததையும் எல்லை தாண்டியதையும் சொன்னேன். அவர் திட்டினால் நிம்மதியாக இருக்கும் என்று போனேன். மனுசன் கையிலிருந்த பந்தல் கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு, “எல்லக் கல்லு நாங்க நட்டதுதான் சோலமலை. ரோட்டு அகலமாக்குனப்ப ரெண்டு தடவ பேத்து நட்டோம். ஆத்தா அதுக்கு ஒண்ணும் சொல்லல” என்றார். குற்றம் பிள்ளையைப் பிடிக்குமா என்று கேட்டேன். காப்பு என்றால் காக்கிறதுதானே, அது யாரைப் பிடிக்கும் என்று கேட்டார். ஆனால் ஒன்று சொன்னார். கட்டினவள்தான் தன் கையால் அதை ஆற்றில் விடவேண்டும். அதுவரைக்கும் பத்திரமாக இருக்கட்டும், பிள்ளைக்காகக் கட்டினது பிள்ளையிடம் இருந்தாலும் சரிதான் என்றார்.

அதனால்தான் அந்தக் காப்பை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். வீட்டில் வைக்க இடமில்லை. என் பீடிக்கட்டை நான் எங்கே ஒளித்தாலும் எடுத்து முன்னால் வைக்கிறவள் உன் அம்மா. இதைக் கண்டால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தானாக அவிழ்ந்த நூலின் முனை இப்படி இருக்காது. நீ துணி வெட்டுகிற வேலை பார்க்கிறவள், நீயே பார்.

துஷாந்துக்கு எல்லாம் தெரியும். அவன் வாய் திறக்க மாட்டான், நீயும் அவனைக் கேட்காதே. வெள்ளிக்கிழமை வார்டுக்குப் போன் கொண்டுபோகிறேன். அம்மன் தானே காப்பை அவிழ்த்துவிட்டதை அம்மா உனக்குச் சொல்லுவாள். அப்படியா அம்மா என்று சந்தோசமாகக் கேட்டுக்கொள். கையைக் காட்டச் சொல். இனி மறைக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியட்டும். நீ நன்றாக இருக்கிறாய் என்று சத்தமாக இரண்டு தடவை சொல். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அங்கே தலைவலி, தடிமன் எது வந்தாலும் எனக்கு மறைக்காதே. சின்னத் தலைவலியாக இருந்தாலும் அது என் கத்தரியால் வந்ததில்லை என்று நீ சொல்லவேண்டும்.

வேலையை விட்டு வா என்று நான் சொல்லவில்லை. உன் ஒப்பந்தம் ஐப்பசியில் முடிகிறது என்று எனக்குத் தெரியும். முடித்துவிட்டு நேராக வீட்டுக்கு வா, அங்கே இங்கே நிற்காதே. காப்பைக் கொண்டு வா. மூன்று பேருமாக ஆற்றுக்குப் போவோம். அம்மா தன் கையாலேயே விடட்டும். விடும் முன்னால் அந்த முனையை அவள் பார்ப்பாள், அப்போது நான் சொல்லிவிடுகிறேன். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நீ பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் முறைத்தால் முறைக்கட்டும். ஆயுசு முழுக்க வேண்டுமானாலும் என்னை முறைத்துக்கொண்டு இருக்கட்டும். எனக்கு அது போதும் மகள்.

அம்மனும் முருகனும் உனக்குத் துணை இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
சோலைமலை

பி.கு.: கத்தரியைக் கழுவி எண்ணெய் பூசித் திரும்ப உன் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.